வானொலியில் வந்த இழவுச் சேதி

இளமாறனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மேட்டுக்கொல்லைப் பெரிய வீட்டுத் தீனதயாளனின் சாவுச் சேதியைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் சாக வேண்டும் என்றுகூட அவன் அவ்வளவாக வேண்டிக்கொண்டதில்லை. சாவு எல்லோருக்கும் வருவது, அதில் என்ன பெரிய தண்டனை? சேதியைச் சொல்ல வேண்டும், அதுவும் அந்த ஆள் காது கேட்கச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வெள்ளிமலையில் மாணவர் விடுதிச் சமையல்காரனாக இருந்த அவன், டெல்லியில் நடந்த அகில இந்தியக் கவிதைப் போட்டிக்குக் கவிதை எழுதி அனுப்பினான். பரிசுக்காக எழுதினான், பேருக்காக எழுதினான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேட்டால் கிறுக்குப் பிடித்த ஆசை என்று தோன்றும். அப்பன் செத்த கதையைச் சொன்னால் அப்படித் தோன்றாது.

மேட்டுக்கொல்லை உளுந்தூர்பேட்டைப் பக்கம், களமருதூருக்கு அடுத்த ஊர். அங்கே பெரிய வீட்டில் யாராவது இறந்துபோனால், சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேதி சொல்வது காலனிக்காரர்கள் வேலை. காலனியிலும் அது பிச்சைமுத்து குடும்பத்தின் முறை. முறை என்றால் ஏதோ உரிமை என்று நினைத்துவிட வேண்டாம். முடியாது என்று சொல்ல முடியாத வேலைக்கு அந்தப் பக்கம் வைத்திருந்த பெயர் அது. பிச்சைமுத்துதான் இளமாறனின் அப்பா. சின்ன வயதில் இளமாறன் அவர் பின்னாலேயே நடந்து போயிருக்கிறான், அதனால் சேதி சொல்லும் விதமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். இன்ன ஊர், இன்ன வீடு, இன்னார் தவறிப்போனார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று குரல் கொடுக்க வேண்டும். உட்காரக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது. கேட்டவர்களும் எப்போது, எப்படி என்று துருவ மாட்டார்கள். அழுதுகொண்டே கிளம்பிவிடுவார்கள். வீட்டம்மா ஒரு படி அரிசி கொண்டுவந்து துண்டை விரிக்கச் சொல்லிப் போடுவாள். அதை முடிந்துகொண்டு அடுத்த ஊரைப் பார்க்க நடக்க வேண்டியதுதான். பொய்யாக இழவுச் சேதி சொன்னவன் என்று ஒருத்தன் அந்தச் சீமையில் பிறந்ததே இல்லை. அதனால் சேதியைச் சந்தேகப்படும் பழக்கமும் அங்கே யாருக்கும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த சமயம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. உளுந்தூர்பேட்டைச் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். லாரியெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றது. பஸ் கிடையாது, தபால் கிடையாது. அந்த வாரம் பார்த்துத்தான் தீனதயாளனின் தாயார் பச்சையம்மாள் கண்ணை மூடினாள். தீனதயாளனின் தங்கை விஜயலட்சுமியைக் கட்டிக்கொடுத்த இடம் தியாகதுருகம். மற்ற சொந்தமெல்லாம் உளுந்தூர்பேட்டை வழிநெடுக இருந்தது. பிச்சைமுத்துவுக்கு ஆள் போயிற்று.

அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"நாலு நாளா காய்ச்சலா கீதுங்கய்யா. வேற ஆருனா..."

"எங்க ஆத்தா செத்துக் கெடக்குது, நீ காய்ச்சல்ன்றியாடா? பஸ்ஸு ஓடல, சைக்கிள்ளயும் போவ முடியாது. நடந்து போவ உன்ன விட்டா எவன் கீறான்? உன் மொறை, நீதான் போவணும்," என்றார் தீனதயாளன்.

போனார். விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலே ஏறி இறங்கி, மறியல்காரர்களுக்கும் போலீசுக்கும் நடுவில் புகுந்து, தியாகதுருகம் வரைக்கும் போய்ச் சேதி சொல்லிவிட்டு மறுநாள் திரும்பினார். ஒரு வாசல்கூட விட்டுப்போகவில்லை. காலனிக்குள் நுழைந்தவர் வீட்டு நடையிலேயே சரிந்தார். அந்நேரம் பச்சையம்மாளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலனிப் பறையெல்லாம் பெரிய வீட்டு வாசலில் முழங்கிக்கொண்டிருந்தது. தன் சொந்தச் சாவுக்கு ஒரு பறை இல்லாமல் பிச்சைமுத்து செத்துப்போனார். இடுப்புத் துண்டில் ஊர் ஊராகச் சேர்த்த அரிசி முடிச்சு அப்படியே இருந்தது. அவர் பெண்சாதி தைலம்மாள் அதை அவிழ்த்து, அந்த அரிசியையே அவருக்கு வாய்க்கரிசியாகப் போட்டாள்.

இளமாறன் அப்போது வெள்ளிமலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மலைக்குப் பஸ் இல்லை, காலனியில் நடந்துபோய்ச் சொல்லவும் ஆளில்லை. ஊருக்கெல்லாம் சேதி சொன்னவர் செத்த சேதி அவர் மகனுக்கே போகவில்லை. மறியல் முடிந்து, மரங்களை இழுத்துப் போட்டு, பஸ் விட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் வந்து பார்த்தபோது புதைத்த மேடு காய்ந்து வெடித்திருந்தது. அங்கே அவன் அழவில்லை. நேராகப் பெரிய வீட்டுக்குப் போனான்.

"காய்ச்சல்னு சொன்ன மனுசன அனுப்பிக்கீறீங்களேய்யா," என்று கேட்டான்.

தீனதயாளன் தாயாரின் கருமாதிக்குப் பந்தல் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூட நிற்கவில்லை.

"அவன் மொறை, அவன் போனான். இனிமே உன் மொறை. நாளைக்கு எனுக்கு ஒண்ணுன்னா நீதான்டா போயி சேதி சொல்லணும், தெரிதா?"

 இளமாறன் தோள் துண்டை எடுத்து மெதுவாக இடுப்பில் கட்டினான்.

"சொல்றேங்கய்யா. கண்டிப்பா சொல்றேன்."

அடக்கமாகப் பேசுகிறான் என்று பந்தல்காரர்கள் நினைத்தார்கள். அவனுக்குள் எரிந்தது அவனுக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷம் அதை அடைகாத்தான். சாம்பார் கொதிக்கும்போது அதுவும் கூடவே கொதித்தது. மலைக் கல்யாணங்களுக்கு வாழ்த்துமடல் எழுதிக் கொடுப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. வெள்ளிமலையில் கவிஞர் என்றால் அவன்தான், ஏனென்றால் வேறு ஆள் கிடையாது. தொண்ணூறாம் வருஷக் கோடையில் ஒரு நாள் பருப்புப் பொட்டலத்தைப் பிரித்தபோது, சுற்றி வந்த செய்தித்தாளில் அறிவிப்பைப் பார்த்தான். அகில இந்தியக் கவிதைப் போட்டி. எந்த இந்திய மொழியிலும் எழுதலாம். பரிசு பெற்ற கவிதைகளை டெல்லியில் பெரிய விழாவில் கவிஞர்களே வாசிப்பார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: பரிசுக் கவிதைகள் அந்தந்த மொழி வானொலியிலும் ஒலிபரப்பாகும்.

அந்த வரியை அவன் திரும்பத் திரும்பப் படித்தான். பருப்பு அடிப்பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

எழுத உட்கார்ந்தால் வசவுதான் வந்தது. நாசமாய்ப் போக, புழுத்துப் போக என்று பக்கம் பக்கமாகத் திட்டி எழுதி அடுப்பில் போட்டான். எரியும்போது திருப்தியாக இருந்தது, ஆனால் வானொலிக்காரர்கள் வசவை வாசிக்க விட மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டே அப்பாவின் குரலை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஏற்ற இறக்கம் இல்லாத, ஈரமில்லாத அந்தக் குரல். கை ஈரத்தைத் துடைத்துவிட்டு அப்படியே எழுதினான்.

சேதி கொண்டாந்திருக்கேன் சாமி.
வாசல்லதான் நிக்கிறேன், உள்ள வரல.
மேட்டுக்கொல்லை பெரிய வூட்டு
தீனதயாளன் தவறிப் போயிட்டாரு.
நாளைக்கு உச்சிப் பொழுதுல எடுக்கறாங்க.
வர்றவங்க வாங்க.
எங்கப்பன் நடந்த வழிதான்,
மரம் சாஞ்சு கெடக்கும், தாண்டி வாங்க.
காய்ச்சல் கண்ட காலு எங்கெங்க நின்னுதோ
அங்கங்க நின்னு வாங்க.

விடுதிக் காப்பாளர் தனசேகரன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னாய்யா இது, எதுகையும் இல்ல மோனையும் இல்ல. எழவு வூட்டு வாசல்ல நின்னு பேசற மாதிரி கீது?"

"அப்படியா கீது சார்?" என்றான் இளமாறன். அவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர்கள் எழுதியிருந்ததைத் தனசேகரன்தான் படித்துச் சொன்னார். ஒரு யுகத்தின் மரணத்தை இந்தக் கவிதை உருவகமாகப் பாடுகிறதாம். தீனதயாளன் என்பது ஏழைகளிடம் இரக்கம் காட்டுபவன் என்று பொருள்படும் பெயராம், அப்படிப்பட்ட இரக்கம் நாட்டில் செத்துவிட்டது என்று கவிஞர் சொல்கிறாராம். படித்தவர்கள் பேசினால் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. 

ஆனால் டெல்லிக்குப் போக முடியவில்லை. மண்டல் கமிஷனை எதிர்த்து அங்கே ஒரே கலவரம், விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பரிசு பெற்றவர்கள் பக்கத்திலுள்ள வானொலி நிலையத்துக்குப் போய்க் குரலைப் பதிவு செய்தால் போதும் என்று தகவல் வந்தது. எண்பத்தேழில் இட ஒதுக்கீடு வேண்டும் என்ற கிளர்ச்சியில் அப்பா நடந்தார். தொண்ணூறில் வேண்டாம் என்ற கிளர்ச்சியால் மகனின் குரல் ஊருக்கே வந்து சேர்ந்தது. டெல்லி மேடையில் வாசித்திருந்தால் மேட்டுக்கொல்லையில் யாருக்குக் கேட்டிருக்கும்?

பதிவறைக்குள் போனதும் அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார்கள். "நின்னுக்கினே சொல்றேங்க," என்றான்.

ஒலிபரப்பு காலையில், மாநிலச் செய்திகள் முடிந்த கையோடு. வெள்ளிமலை விடுதியில் உப்புமா கிளறிக்கொண்டே தன் குரலைக் கேட்டான். அது அப்பாவின் குரலாகவே இருந்தது.  கேட்டிருக்கணும், அந்த ஆள் எப்படியாவது கேட்டிருக்கணும் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் அவன் எதிர்பார்க்கவில்லை. மேற்கொண்டு நடந்ததெல்லாம் இனாம்.

மறுநாள் சாயந்தரம் மலைப் பஸ்ஸிலிருந்து தைலம்மாள் ஒரு துணிப்பையோடு இறங்கினாள். மகனைப் பார்த்ததும் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

"டேய், இன்னாடா பண்ணி வெச்சுக்கீற? ஊரே ரெண்டு பட்டுப் போச்சுடா!"

அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்த பிறகுதான் கதை முழுசாக வந்தது. உளுந்தூர்பேட்டை வழியிலுள்ள ஊர்களில் காலைச் செய்தி கேட்டவர்கள் ரேடியோவை அணைக்காமல் இருந்திருக்கிறார்கள். கவிதைப் போட்டி என்று முன்னால் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? சேதி கொண்டாந்திருக்கேன் என்ற அந்தக் குரல் கேட்டதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் குரலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ சாவுக்கு வாசலில் நின்ற குரல். நாலாவது வரியில் தீனதயாளன் பெயர் வந்தது, ஆறாவது வரிக்குள் ஒப்பாரி எழுந்துவிட்டது. மீதி வரிகளைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. போதாக்குறைக்குப் போன மாதம்தான் தீனதயாளன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். இப்பல்லாம் ரேடியோலயே சொல்லிட்றாங்க, பெரிய மனுசன் இல்ல என்று பேசிக்கொண்டு, தலை முழுகி, அடுத்த நாள் உச்சிப் பொழுதுக்குள் போய்ச் சேர வேண்டுமே என்று கிளம்பிவிட்டார்கள்.

"காலைல விஜயலட்சுமி வேன் வெச்சிக்கினு வந்து எறங்குது. மாருல அடிச்சிக்கினு 'எண்ணா, என்ன உட்டுட்டுப் போயிட்டியா'ன்னு உள்ள ஓடுது. அங்க அவரு இட்டிலி துண்ணுக்கினு கீறாரு!"

இளமாறன் சிரித்தான். மூன்று வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, உளுந்தூர்பேட்டைல இருந்து பேண்டு செட்டு, மாலை, கோடித் துணின்னு ஒவ்வொருத்தரா வந்துக்கினே கீறாங்க. கோடிய எடுத்தாந்தா திரும்ப வூட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாதே? எல்லாரும் அங்கயே வெச்சிட்டுப் போயிட்டாங்க. வாசல்ல மாலையும் கோடியும் குவிஞ்சு கெடக்குது. உசிரோட கீற ஆளு அத்தத் தாண்டித் தாண்டிப் போயி வந்துக்கினு கீறாரு."

இன்னும் தூரத்துச் சொந்தங்களுக்குச் சேதி பரவிக்கொண்டே இருந்தது. யாராவது ஊர் ஊராகப் போய், அவர் சாகவில்லை, உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால்தான் அடங்கும். பெரிய வீட்டிலிருந்து காலனிக்கு ஆள் வந்தது. முறை பிச்சைமுத்து குடும்பத்தினுடையது, மகன் மலையில் இருக்கிறான், ஆகவே தைலம்மாளையே கூப்பிட்டார்கள்.

"போனியா?"

"போனேன். வாசல்லயே நின்னேன். நான் சொன்னேன், சாவு சேதி சொல்றதுக்குத்தான் எங்களுக்கு மொறைங்கய்யா, உசிரோட கீறாருன்னு சொல்றதுக்கு மொறை கெடையாதுங்கய்யான்னேன். மூஞ்சி செத்துப் போச்சு அவருக்கு. திரும்பி வந்து பைய எடுத்துக்கினு பஸ் ஏறிட்டேன்."

இளமாறன் அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று.

காலனிக்கு ஏதாவது கெடுதல் வருமோ என்று அவனுக்குப் பயம் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. தீனதயாளன் போலீசுக்குப் போயிருக்கிறார், கவிதைக்கெல்லாம் வழக்குப் போட முடியாது, அதுவும் டெல்லியில் பரிசு வாங்கியது என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தன் சேதியைச் சொல்லத் தானே புறப்பட்டார். போன இடத்திலெல்லாம் ஒரே கதைதான். அழுது தலை முழுகிய வீட்டுக்குள், இழவு கொண்டாடப்பட்ட ஆளைத் தோஷம் போகச் சாந்தி கழிக்காமல் விடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்று, நான் சாவல, உசிரோடதான் கீறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். தங்கை விஜயலட்சுமியே கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாளாம். ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கவில்லை.

கடைசியில் வெள்ளிமலைக்கு ஜீப் ஏறினார்.

மதியச் சாப்பாடு முடிந்து விடுதி காலியாக இருந்தது. இளமாறன் அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சமையல்கட்டு வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் தீனதயாளன். முகம் கறுத்து, செருப்பெல்லாம் புழுதி. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். இத்தனை நாளில் பழகிவிட்டது போலிருக்கிறது.

"வாங்கய்யா," என்றான் இளமாறன். எழுந்திருக்கவில்லை.

"இளமாறா, இது நாயமாடா? எங்கப் போனாலும் பேயப் பாக்கற மாதிரி பாக்கறாங்கடா. பேத்தி கல்யாணத்துக்கு நாள் குறிச்சிக்கினு கீறோம், சம்பந்தி வூட்டுக்காரன் யோசிக்கறான்."

"நீங்கதானய்யா சொன்னீங்க, எனுக்கு ஒண்ணுன்னா நீதான் சேதி சொல்லணும்னு. மறந்துட்டீங்களா?"

தீனதயாளன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்க ஆத்தா செத்த துக்கத்துல இருந்தேன்டா. அவன் காய்ச்சல நான் பெரிசா எடுத்துக்கல."

மூன்று வருஷமாக இளமாறன் காத்திருந்த வார்த்தை இதுவாகக்கூட இருக்கலாம். அவனே அப்படி நினைத்திருந்தான். ஆனால் காதில் விழுந்தபோது மனசு இளகவில்லை, இன்னும் இறுகித்தான் போயிற்று. பெரிசா எடுத்துக்கலையாம். அவ்வளவுதான் அப்பாவின் உயிர்.

"இப்ப இன்னா பண்ணணும் சொல்லுங்க."

"ரேடியோல சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவாங்க. தீனதயாளன் உசிரோட கீறாருன்னு ஒரு தடவ சொல்லிடுடா. உன் கையப் புடிச்சிக் கேக்கறேன்."

"எழுதி அனுப்பறேங்கய்யா. சத்தியமா அனுப்பறேன். அதுக்கு முன்னாடி தோள்ல கெடக்கற துண்ட எடுத்து விரிங்க."

"எதுக்கு?"

"விரிங்க, சொல்றேன்."

அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பட்டுக்கரை போட்ட துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்தார். இளமாறன் எழுந்து மூட்டையிலிருந்து ஒரு படி அரிசி அளந்தான். தலை தட்டாமல் கோபுரமாக அளந்தான். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தத் துண்டில் கொட்டினான்.

"சேதி கொண்டாந்தவங்களுக்கு அரிசி போடறது வழக்கம்ங்கய்யா. நீங்க இத்தினி ஊர் போயி வந்துக்கீறீங்க, ஒரு வூட்லயும் போட்டிருக்க மாட்டாங்க. முடிஞ்சிக்கினு போங்க. எங்கப்பாவுக்கு இந்த அரிசிதான் வாய்க்கரிசி ஆச்சு."

 தீனதயாளன் துண்டை உதறிவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை, ரேடியோவில் சேதி வர வேண்டுமே. நாலு முனையையும் சேர்த்து முடிந்துகொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். அவர் போவதை இளமாறன் வாசலில் வந்து நின்று பார்த்தான். இதற்காக வருத்தப்பட வேண்டும் என்று யாராவது அவனிடம் சொல்லியிருந்தால் கரண்டியை எடுத்து வீசியிருப்பான்.

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினான். வாசல்லதான் நிக்கிறேன், உள்ள வரல, மேட்டுக்கொல்லை தீனதயாளன் உசிரோட கீறாரு என்று அதே குரலில், அதே அளவில். ஒரு எழுத்தில்கூட வஞ்சகம் இல்லை. அதை எங்கே அனுப்புவது? வானொலிக்கு அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அடுத்த வருஷம் அகில இந்தியக் கவிதைப் போட்டி அறிவித்ததும் முதல் ஆளாகத் தபாலில் சேர்த்தான், சேர்த்ததை மேட்டுக்கொல்லைக்கும் முறையாகச் சொல்லி அனுப்பினான்.

பேத்தி கல்யாணப் பத்திரிகையில் தீனதயாளன் பெயரைப் போடவில்லை. சாந்தி கழித்து முடித்த பிறகும் சொந்தத்தில் பாதிப் பேர் அவர் வீட்டில் கை நனைக்கத் தயங்கினார்கள். தீனதயாளன் ஒரு புது ரேடியோப் பெட்டி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாராம். மாநிலச் செய்திகள் முடிந்ததும் யாராவது அணைக்கப் போனால், "இருடா, எனுக்கு ஒரு சேதி வரணும்" என்று கையைத் தட்டிவிடுவாராம். தைலம்மாள் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் இதைச் சொல்வாள், இளமாறன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பான்.

அந்தக் கவிதைக்குப் பரிசு கிடைக்கவில்லை.